சங்கடமாக இருக்கிறது

கடன் கொடுத்த மனிதர் ஒருவர், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதற்கென்றே புறப்பட்டுப் போய், வாங்கியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மழை, விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு ஆகிய சகல விஷயங்களையும் சாவகாசமாகப் பேசி முடித்து, கொண்டுவந்து வைத்த காப்பியையும் குடித்துவிட்டு, வந்த காரியத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லாமல் எழுந்து வந்துவிடுவது நம் ஊர்களில் நாள்தோறும் நடக்கிற சம்பவம். “என்ன, கேட்டீங்களா?” என்று வீட்டில் மனைவி விசாரித்தால், “எப்படிக் கேக்கறது, சங்கடமா இருந்துது” என்பதே அவர் சொல்லும் பதிலாக இருக்கும். மனைவியும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டாள். நியாயமாகப் பார்த்தால் சங்கடம் வாங்கியவருக்கல்லவா வந்திருக்க வேண்டும், கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்ற கேள்வி இருவருக்கும் எழுவதில்லை. அவ்வளவு தூரம் அந்தச் சொல் நம்முடைய சம்பாஷணையில் ஊறிப்போய்விட்டது.

சங்கடம் என்றால் என்ன என்று நேராகக் கேட்டால் பதில் சொல்வது சுலபமன்று. துக்கம் என்று சொன்னால் மிகையாகிவிடும். பயம் என்றால் தவறாகும். வெட்கம் அதில் சிறிது கலந்திருப்பது உண்மையானாலும் வெட்கமே சங்கடம் ஆகிவிடாது. அகராதிகளைப் புரட்டினால் துன்பம், வருத்தம், இக்கட்டு என்றெல்லாம் பொருள் கிடைக்கும். ஆனால் இந்த மூன்றில் எதையும் எடுத்து மேற்சொன்ன கணவரின் வாயில் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. “எனக்குத் துன்பமா இருந்துது” என்று அவர் சொல்லியிருந்தால் மனைவி வைத்தியரைத் தேடியிருப்பாள்.

உடம்புக்கும் இந்தச் சொல்லைப் பிரயோகிக்கிறோம், மனத்துக்கும் பிரயோகிக்கிறோம். கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதபோது ‘வயிறு சங்கடம் பண்ணுது’ என்கிறோம். வலி என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை என்பதே அதன் தாத்பரியம். மனத்துக்கு வரும்போதும் இதே குணந்தான். இன்னொரு விசேஷமும் கவனிக்கத்தக்கது. ‘நான் சங்கடமாக இருக்கிறேன்’ என்று தமிழர் சொல்வதில்லை. ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்றே சொல்கிறோம். பசி, தாகம், தூக்கம், கோபம் ஆகியவை எப்படி நாம் செய்யும் காரியங்களாக இல்லாமல் நமக்கு வந்து சேர்பவையாகப் பேசப்படுகின்றனவோ, அப்படியே சங்கடமும் தானாக வந்து நம்மை அடைகிறது. ஆகையால் அதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர் என்ற ஒரு சௌகரியமும் அந்த வாக்கிய அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ஸங்கட என்ற அந்த மூலச் சொல்லுக்குக் குறுகலானது, நெருக்கமானது என்பதே முதற்பொருள். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிச் செல்லும் கணவாயையும் அது குறிக்கும். அத்தகைய வழியில் அகப்பட்டுக்கொண்டவன் முன்னே எதிரி வந்தால் திரும்பவும் முடியாது, விலகவும் முடியாது. ஆகவே குறுகிய வழியைக் குறித்த சொல் நாளடைவில் ஆபத்தையும் துன்பத்தையும் குறிக்கலாயிற்று. மனக் கஷ்டத்தை இடநெருக்கமாகக் கருதும் இந்த எண்ணம் வடமொழிக்கு மாத்திரம் உரியதன்று. வேதத்தில் துன்பத்தையும் பாபத்தையும் குறிக்க வழங்கும் அம்ஹஸ் என்ற சொல்லும் நெருக்கம் என்ற கருத்தினின்று பிறந்ததே. அதே குடும்பத்தைச் சேர்ந்த லத்தீன் சொல்லாகிய அங்குஸ்தியா இடுக்கான இடத்தையும் மனவேதனையையும் ஒருங்கே சுட்டும். மனக்கலக்கத்தைக் குறிக்கும் ஆங்ஸ்ட் என்ற ஜெர்மானியச் சொல்லும் அவர்களுடைய உறவுதான். தமிழோ இவர்கள் எவரிடமும் கடன் வாங்காமல் தானாகவே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நெருக்கு என்பதிலிருந்து நெருக்கடி என்ற சொல்லைச் செய்துகொண்டோம். திருக்குறளின் 63-ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை என்பது. அந்த இடுக்கண்ணை இடுங்கிய கண் என்று பிரித்துக் காட்டுவாரும் உண்டு. பயத்திலோ கவலையிலோ மார்பு இறுகி மூச்சு முட்டுவது எல்லா நாட்டு மனிதர்க்கும் பொதுவான அனுபவமாகையால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாஷைகளும் இந்த விஷயத்தில் ஒரே வழியில் நடந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே சொல் இந்த தேசத்தின் பல பாஷைகளிலும் நுழைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக வளர்ந்திருக்கிறது. ஹிந்தியில் ஸங்கட் என்றால் பேராபத்து. பஞ்சம், யுத்தம், பொருளாதார வீழ்ச்சி ஆகியவற்றைப் பத்திரிகைகள் அந்தச் சொல்லால் தலைப்பிட்டு எழுதுகின்றன. துளசிதாசர் ஸ்தாபித்ததாகச் சொல்லப்படும் காசி ஆஞ்சநேயர் கோயிலுக்கு ஸங்கட்மோசன் என்று பெயர். ஆபத்தினின்று விடுவிப்பவர் என்பது அதன் பொருள். தெலுங்கில் பிராண சங்கடம் என்பது உயிர் போகும் அவஸ்தை. பூனைக்கு விளையாட்டு, எலிக்குப் பிராண சங்கடம் என்று அவர்களிடம் ஒரு பழமொழி வழங்குகிறது. அதே பழமொழியை நாம் பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்று சொல்கிறோம். பூனை வாயில் அகப்பட்ட எலியின் நிலையைச் சங்கடம் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கன்னடத்தாரும் சங்கடம் வந்தபோதுதான் வேங்கடரமணன் நினைவு வருகிறது என்று தங்கள் பழமொழியில் இந்தச் சொல்லைப் பெரிய கஷ்டத்துக்கே வைத்திருக்கிறார்கள். மலையாளத்திலோ சங்கடம் என்பது கண்ணீரோடு கூடிய துக்கம். குறைகளைச் சொல்லி அதிகாரிகளுக்குச் சமர்ப்பிக்கும் மனுவுக்கு அங்கே சங்கட ஹர்ஜி என்றே பெயர். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த சிநேகிதர் “வலிய சங்கடம்” என்று சொன்னால், ஏதோ கைமாற்றுக் கேட்கத் தயங்குகிறார் போலும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அவர் வீட்டில் பெருந்துயரமான காரியம் ஏதேனும் நடந்திருக்கலாம்.

தமிழுக்கு வந்தபோது இதன் ஓசையே மெலிந்துவிட்டது. மெல்லெழுத்தை அடுத்த ககரமும் இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட டகரமும் நம் வாயில் தாமாகவே மெலிந்து ஒலிக்குமாதலால், வடமொழியில் வெடுக்கென்று தெறிக்கும் சொல் நம்மிடம் வழவழப்பாகிவிட்டது. சில ஊர்களில் டகரத்தை இரட்டித்துச் ‘சங்கட்டம்’ என்று சொல்லி இழந்த வன்மையைச் சிறிது மீட்டுக்கொள்கிறார்கள். ஓசையோடு பொருளும் மெலிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. பழைய பொருள் அடியோடு மறைந்துவிடவில்லை. அது கோயிலுக்குள் பத்திரமாக இருக்கிறது. மாதந்தோறும் பௌர்ணமிக்குப் பின்வரும் சதுர்த்தியில் உபவாசமிருந்து, மாலையில் பிள்ளையாருக்கு அறுகம்புல் சாத்தி, சந்திரோதயம் ஆன பிறகு போஜனம் செய்யும் சங்கடஹர சதுர்த்தி விரதத்தில் சங்கடம் என்பது நோயும் வறுமையும் கிரகதோஷமும் ஆகிய கடுந்துன்பங்களே. ‘ஹர’ என்றால் போக்குகிறவர். அதே பக்தர் கோயிலை விட்டு வெளியே வந்து, எதிரே வரும் பழைய பங்காளியைப் பார்த்ததும் வேறு வீதியில் திரும்பிப் போவதற்குக் காரணமான சங்கடத்தைப் போக்கும்படி எந்தத் தெய்வத்தையும் வேண்டிக்கொள்வதில்லை.

இந்த இரண்டாவது சங்கடந்தான் தமிழன் தனக்கென்று செய்துகொண்டது. அதன் முக்கிய லட்சணம், அது உண்டாவதற்கு இன்னொரு மனிதர் வேண்டும் என்பதே. ரயிலில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பிரயாணம் செய்வது அசௌகரியம். இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவர் நாம் போன மாதம் பத்திரிகை வந்தும் போகாமல் விட்ட கல்யாணத்தின் பெண்ணைப் பெற்றவர் என்று தெரிந்தால், அது சங்கடம். அசௌகரியம் வஸ்துக்களால் வருவது, சங்கடம் மனிதர்களால் வருவது. கூச்சமும் இதற்கு அடுத்த வீட்டுச் சொல்லே யென்றாலும், அது தேகத்தோடு ஒட்டியது, புளிப்புக்குப் பல் கூசும், வெயிலுக்குக் கண் கூசும், அதுபோலவே புது முகத்துக்கு மனம் கூசும், பழகினால் போய்விடும். சங்கடமோ பழகப் பழக அதிகமாகிறது. முன்பின் தெரியாதவனிடம் பாக்கியைக் கறாராகக் கேட்டு வாங்கிவிடுகிற மனிதர் மைத்துனரிடம் கேட்க முடியாமல் வருஷக்கணக்காகத் தவிக்கிறார்.

சார்லஸ் டார்வின் 1872-இல் வெளியிட்ட, உணர்ச்சிகள் மெய்ப்பாடுகளாக வெளிப்படும் விதத்தைப் பற்றிய நூலில் முகம் சிவப்பதைக் குறித்து ஒரு தனி அத்தியாயமே எழுதினார். பிராணிகளுக்கில்லாமல் மனிதனுக்கே உரிய மெய்ப்பாடு அது என்றும், பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்றும் அவர் கொண்டார். நம்முடைய பாஷையில் முகம் சிவப்பது பெரும்பாலும் கோபத்துக்கும் நாணத்துக்கும் உரியது. சங்கடத்தில் முகம் கறுக்கும், சுண்டும், அல்லது அசடு வழியும். இந்த ‘அசடு வழிவது’ என்ற வழக்குக்கு ஈடாக வேறெந்தப் பாஷையில் என்ன இருந்தாலும், முகத்தில் ஏதோ எண்ணெய் வடிவதுபோல் அசட்டுத்தனம் வடிவதாகக் கண்டு சொன்ன புண்ணியவான் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பதில் நாம் பெருமைகொள்ளலாம்.

பிறர் என்ன நினைப்பார்களோ என்ற கவலைதான் சங்கடத்துக்கு வேர் என்று சொன்னால் பாதி உண்மையாகும். பிறர் மனம் நோகுமே என்ற கருணை மறுபாதி. முன்னோர் இதைத் தாட்சணியம் என்றார்கள். முகத்துக்கு நேரே ஒருவரைக் கண்டபின் கடுமை காட்ட முடியாத அந்த இளக்கத்தை வள்ளுவர் கண்ணோட்டம் என்று பெயரிட்டு, அரசனுக்கு வேண்டிய குணங்களில் ஒன்றாக 58-ஆம் அதிகாரத்தில் வைத்தார். தாட்சணியம் தன நாசம் என்று பழமொழி எச்சரித்தபோதிலும், திண்ணையில் காப்பி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மனிதரை அசடர் என்று தள்ளிவிட நமக்குத் தைரியம் வருவதில்லை.

தர்மசங்கடம் என்பது இதனினும் மேலான படியில் இருக்கிறது. இரண்டு தர்மங்களுக்கு நடுவே ஒடுங்கிப்போன வழியில் அகப்பட்டுக்கொள்வது என்று அதன் மூலப்பொருள் அங்கே அப்படியே விளங்குகிறது. ராமாயணத்தில் இப்படி அகப்பட்டுக்கொண்ட மாரீசனின் கதை யாவரும் அறிந்தது. மகாபாரதத்துக் கர்ண பர்வத்தில் வரும் ஒரு கட்டம் அவ்வளவு பிரசித்தமில்லாததாயினும் நம்முடைய விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது. யுத்தத்தின் பதினேழாம் நாள் கர்ணனுடைய பாணங்களால் புண்பட்டுப் பாசறைக்குத் திரும்பிய யுதிஷ்டிரர், தம்மைக் காணவந்த அர்ச்சுனன் கர்ணனைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான் என்று எண்ணி மகிழ்ந்து, பிறகு அவன் இன்னும் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்ததும் பொறுமை இழந்து, காண்டீவத்தை வேறொருவன் கையில் கொடுத்துவிடு என்று நிந்தித்துவிட்டார். அர்ச்சுனன் உடனே வாளை உருவினான். அப்படிச் சொல்கிறவனைக் கொல்வதாக அவன் முன்னமே ஒரு சபதம் செய்திருந்தான். சபதத்தைக் காப்பதானால் தமையனைக் கொல்ல வேண்டும், தமையனைக் காப்பதானால் சபதம் பொய்க்க வேண்டும்.

கிருஷ்ணன் அப்போது கௌசிகன் என்ற தபஸ்வியின் கதையைச் சொல்கிறான். எப்போதும் உண்மையே பேசுவதாக விரதம் பூண்ட அந்தத் தபஸ்வி, கள்வருக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்துகொண்ட ஜனங்கள் போன வழியைக் கள்வர்களுக்கே உள்ளபடி சொல்லி, அவர்கள் கொல்லப்படுவதற்குக் காரணமாகி, சத்தியம் பேசியும் நரகத்தை அடைந்தான். இந்தக் கதையைச் சொன்ன பிறகு கிருஷ்ணன் காட்டும் வழிதான் ரசமானது. பூஜிக்கத்தக்க பெரியவர் ஒருவரை ‘நீ’ என்று ஒருமையில் அழைப்பதே அவரைக் கொன்றதற்குச் சமானம். ஆகையால் தமையனை நீ என்று விளித்து அவமதித்துவிடு, சபதம் நிறைவேறியதாகும் என்றான். அர்ச்சுனன் அப்படியே செய்தான். செய்த மாத்திரத்தில் அந்தப் பாவத்துக்காகத் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள மறுபடி வாளை உருவ, தற்புகழ்ச்சியும் தற்கொலைக்குச் சமானமே, உன்னை நீயே புகழ்ந்துகொள் என்று கிருஷ்ணன் அதற்கும் ஒரு மார்க்கம் சொன்னான்.

‘நீ’ என்ற ஓரெழுத்து கொலைக்குச் சமானம் என்பதைத் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வயதில் இளையவர் ஆனால் உத்தியோகத்தில் மேலவர், சிறு வயதில் ‘வாடா போடா’ என்று பழகிப் பிறகு சம்பந்தியானவர், தம்பியை மணந்துகொண்ட, தன்னைவிட மூத்த பெண் ஆகியோரை நீ என்பதா, நீங்கள் என்பதா என்ற சங்கடம் நமக்கு அன்றாடம் ஏற்படுகிறது. இதற்கு நம்மவர் கண்டுபிடித்த உபாயம் கிருஷ்ணனுடைய உபாயத்துக்குக் குறைந்ததன்று. “சாப்பாடு ஆச்சா?”, “எப்போ ஊரிலேருந்து வந்தது?”, “மறுபடி எப்போ பயணம்?” என்று எழுவாயையே நீக்கிவிட்டுக் காரியத்தை மாத்திரம் விசாரிப்பார்கள். ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. வந்தது மனிதரா பார்சலா என்பதுகூட வாக்கியத்தில் தெரியாது. வருஷக்கணக்காக இப்படியே பேசிக் காலம் கழித்த மாமனார் மருமகன்மார் உண்டு.

சங்கடத்தைத் தவிர்ப்பதற்கென்றே நம் சமூகம் ஏற்படுத்தி வைத்திருக்கும் ஏற்பாடுகள் இவை போலப் பல. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை யென்றாலும், பெண் வீட்டாருக்குப் பையனைப் பிடிக்கவில்லை யென்றாலும், ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று தரகர் மூலம் சொல்லியனுப்பிவிடுகிறார்கள்; ஜோதிஷ சாஸ்திரம் பலித்தாலும் பலிக்காவிட்டாலும், மனிதர் முகத்தைப் பார்த்து மறுக்கும் பொறுப்பைக் கிரகங்களின் தலையில் ஏற்றிவிட்ட உபகாரம் ஒன்றுக்காகவே அதை மதிக்கலாம். துக்க வீட்டிலிருந்து புறப்படுகிறவர் ‘போய் வருகிறேன்’ என்று விடைபெறாமல் சும்மா எழுந்து போய்விடுவது வழக்கம். இலக்கணமும் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. சபையில் சொல்லத்தகாத சொற்களைத் தொல்காப்பியர் அவையல்கிளவி என்று வகுத்து, மறைத்துச் சொல்ல வேண்டுமென்றார். நன்னூலார் மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு இடக்கரடக்கலையும் தகுதி வழக்கில் சேர்த்தார். ‘வெளியே போய் வருகிறேன்’, ‘கால் கழுவி வருகிறேன்’ என்று சொல்லும் எழுதப்படிக்கத் தெரியாத கிழவியும் நன்னூல் விதியைத்தான் அனுசரிக்கிறாள்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல் ஒரு கட்டடத்துக்கே பெயராகியிருக்கிறது. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் வேலியில், தெருவை நோக்கிய வாயிலுக்கு மேலே சிறு கூரை வேய்ந்து அமைப்பதைச் சங்கடப்படலை என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர்கள் வீட்டுக்காரரின் அனுமதி கேளாமலே அதன்கீழ் ஒதுங்கலாம். சில இடங்களில் உட்காரத் திண்ணையும் குடிக்கத் தண்ணீரும் இருக்கும். வழியில் செல்வோரின் சங்கடத்தைத் தீர்ப்பதால் அந்தப் பெயர் என்று சொல்லுவர். உள்ளே வரலாமா என்று கேட்கும் சங்கடம் வந்தவருக்கும், யார் எவர் என்று விசாரிக்கும் சங்கடம் வீட்டாருக்கும் இல்லாமல் செய்துவிட்ட அந்த ஏற்பாட்டை நினைத்தால் பெயர் எந்த வழியில் வந்திருந்தாலும் பொருத்தமாகவே படுகிறது. மனம் நிலைகொள்ளாத தவிப்புக்கு அவ்வூரார் ‘அந்தரமாக் கிடக்கு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தரையும் இல்லாமல் வானமும் இல்லாமல் நடுவே தொங்குகிற நிலை. அதையும் நாம் எடுத்து வழங்கலாம்.

இவ்வளவும் சொன்னபின், சங்கடம் எல்லா இடத்திலும் போற்றத்தக்க குணம் என்று நான் வாதிப்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. வசதியுள்ளவர் தம் பணத்தைக் கேட்கச் சங்கடப்படுவது பெருந்தன்மை. நாள் முழுவதும் வேலை செய்த கூலிக்காரர், இரண்டு வாரமாக வராத கூலியைக் கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு வாசலில் நிற்பது பெருந்தன்மையன்று. நிற்க வைத்தவரின் அநீதி. புக்ககத்துக்கு வந்த பெண், தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவும் சங்கடப்பட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்பதையும் அடக்கம் என்று புகழ்ந்து வந்திருக்கிறோம். வேறு சிலர் சங்கடத்தை ஆயுதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, பெரியவர்தான் சங்கடப்படுவார்’ என்று தம் விருப்பத்தைப் பிறர் சங்கடமாக மாற்றிச் சொல்லிக் காரியத்தைச் சாதிக்கும் சாமர்த்தியசாலிகளை எந்தக் குடும்பத்திலும் காணலாம். உறவினர் பலர் கூடியிருக்கும் இடமாகப் பார்த்து உதவி கேட்டு, மறுக்க முடியாதபடி செய்துவிடுபவர்களும் இந்த வகுப்பினரே.

ஆகவே வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். தமிழில் ‘முடியாது’ என்ற சொல்லை முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் சொற்பம். பெரும்பாலோர் அதற்குப் பதிலாக ‘கொஞ்சம் சங்கடமா இருக்கு’ என்கிறார்கள். அவ்விதம் ஒருவர் சொன்னால் அதை மறுப்பாகவே ஏற்றுக்கொண்டு, “அதனாலென்ன, பரவாயில்லை” என்று பேச்சை மாற்றிவிடுங்கள். இரண்டாம் முறை கேட்காதீர்கள். நீங்கள் யாருக்கேனும் பணமோ கூலியோ பாக்கி வைத்திருந்தால், அவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.